இரண்டு பேரிடம் கேட்ட பிறகு

2025 ஜூன் 2, திங்கள்

உறுதியானது: ஜூலை முதல் தேதியிலிருந்து என் மகள் அனுவை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சொன்னவர் சாராள், மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். இன்று காலை, நேரில் சொன்னார்.

கூடவே ஒரு நிபந்தனை. அனு தனியாக வந்து தனியாகப் போக வேண்டும்.

"துண்டு மடிக்கிறத பாத்துட்டேன் மேடம். எங்க ஆளுங்களே அந்த ஸ்பீடுல மடிக்க மாட்டாங்க. ஆனா போன வருஷம் இதே மாதிரி ஒரு பொண்ண எடுத்தோம். அவங்க அப்பா டெய்லி இட்டுகினு வந்து வுடுவாரு. அவருக்குக் கால் ஒடஞ்சிது, பொண்ணு நின்னுடுச்சு. மேல என்னத்தான் கேட்டாங்க. ரெண்டு வாரம் தானா வந்து போவட்டும். பதினஞ்சாம் தேதி ஆர்டர் போட்டுடலாம்."

நான் பேருந்தில் கூடவே வந்து விட்டுப் போனால்?

"அப்போ உங்களுக்கும் ஒரு ஏப்ரன் எடுத்து வெக்கவா?" என்று சிரித்தார். தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் என் கணவர் லக்ஷ்மிநாராயணனிடம் சொன்னேன். இரண்டு வருடமாகப் புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் பயிற்சி மையத்துக்கு அனுவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். மார்ச்சில் இரண்டு கண்ணிலும் ரத்தக்கசிவு. சர்க்கரை. வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அவளை வடக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, செய்தி சேகரிக்கச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிறேன். செய்தி ஆசிரியர் தினமும் கேட்கிறார், காலையில் எங்கே இருக்கிறீர்கள் என்று.

சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "வேலூர்ல அனு மாதிரி பிள்ளைங்கள வெச்சுப் பாத்துக்கற அந்த இல்லம், முப்பதாம் தேதி வரைக்கும் இடம் வெச்சிருக்காங்க. அதுக்குள்ள பதில் சொல்லணும். இடம் இருக்கும்போதே சேத்துடலாம் பிரபா. நமக்கப்புறம் அவளுக்கு யாரு?"

முப்பதாம் தேதி பதில் சொல்ல வேண்டும். வேலை நிலைக்குமா என்பது ஜூலை பதினைந்தாம் தேதிதான் தெரியும். செய்தியாக இருந்தால் நிறுத்தி வைத்திருப்பேன். இதை எங்கே நிறுத்துவது?

ஜூன் 3, செவ்வாய்

இன்று பேருந்து நிறுத்தத்தில் அவள் பின்னால் நின்றேன். நீயே வண்டியை நிறுத்து என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நம் நிறுத்தத்தில் மூச்சு விடும் நேரம்தான் நிற்கும். கை காட்டாவிட்டால் அதுவும் இல்லை. வண்டி வந்தது. அனு பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். மா. மல். ல. கடைசி எழுத்துக்கு வந்தபோது வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது.

அடுத்ததும் போயிற்று. மூன்றாவதற்கு நான் கையைக் காட்டினேன்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. வளர்ச்சித் தாமதம் என்று எழுதிக் கொடுத்தபோது மூன்று. படிக்கவே மாட்டாள் என்றார்கள். படிக்கிறாள். வண்டி காத்திருப்பதில்லை.

ஜூன் 5, வியாழன்

ஜாய்ஸைப் பார்த்தேன். பயிற்சி மைய ஆசிரியை. அனுவின் கைக்குத் துண்டு மடிக்கும் வேகத்தைக் கொடுத்தவர். அதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. இதற்கு ஒரு மாதம் கூட இல்லை.

"தப்பில்லாம செய்றது பாதிதான் மேடம். யோசிக்காம வரணும். வெயில், ஹாரன், கூட்டம்னு வந்துட்டா யோசிச்சு செய்றதெல்லாம் கழண்டுடும். யோசிக்காம வர்றதுதான் கையில நிக்கும்."

பேருந்துப் பலகைகளை அட்டைகளாகச் செய்ய வேண்டும். ஒரு நிமிடத்துக்கு அலாரம். அட்டையைக் காட்டக் காட்ட ஊர்ப் பெயர். சரிக்கு ஒரு புள்ளி, தப்புக்கு ஒரு புள்ளி, வரைபடத் தாளில். ஒரு நாளில் சில நிமிடங்கள் போதும். சலிப்பு வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். மாமல்லபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், தாம்பரம், கல்பாக்கம்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று 'திரு' என்று தொடங்கினால் எல்லாமே திருப்போரூர். இன்று இரண்டையும் பிரித்துவிட்டாள். எழுத்துக் கூட்டுவதும் குறைகிறது, பார்க்கிறாள், சொல்கிறாள். அலாரம் அடித்ததும் கைதட்டிக்கொள்கிறாள். ஆனால் நான் அட்டையைத் திருப்பும் வேகம்தான் போதவில்லை என்று என்னைத் திட்டுகிறாள். "அம்மா, சீக்கிரம்! நீ லேட்டு!"

ஜூன் 12, வியாழன்

ஜாய்ஸ் வைத்த இலக்கை அட்டையில் தொட்டுவிட்டாள். அதோடு நிறுத்தத்துக்குப் போனோம். நான் நூறடி தள்ளி நின்றேன்.

ஐந்து வண்டி. ஐந்தையும் விட்டாள்.

ஏன்? மேசையில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருவது சாலையில் ஏன் வரவில்லை? வெயிலா? பயமா? இவ்வளவுதானா இவளுக்கு? இப்படி எழுதுவதற்கு எனக்கே பிடிக்கவில்லை. கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. நேரில் பார்த்தேன், காதாலும் கேட்டேன்.

எங்கள் தெரு ஆட்டோ ஓட்டுநர் ரமேஷின் வண்டியை நிறுத்தத்துக்கு ஒட்டினாற்போல் பின்பக்கமாக நிறுத்தச் சொல்லி, படுதாவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். "சிஐடி வேலையா மேடம்?" என்றான். வாயை மூடு என்றேன்.

வண்டி தூரத்தில் வரும்போதே அனு சத்தமாகச் சொன்னாள்: "மாமல்லபுரம்!" சரியாக. அட்டையில் சொல்வதைப் போலவே. அப்புறம் பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் வேண்டாவிடம் திரும்பினாள்.

"அக்கா, இது மாமல்லபுரம் வண்டியா?"

"ஆமா கண்ணு, ஏறு ஏறு."

ஏறவில்லை. அந்தப் பக்கம் நின்ற பெரியவரிடம் போனாள். "ஐயா, இது மாமல்லபுரம் வண்டியா?"

"அதான் போவுது பாரு," என்றார் அவர், போகிற வண்டியைக் காட்டி. "பூட்ச்சே. முன்னாடியே கேக்கறதில்ல?"

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கேட்டேன், ஏன் அனு, நீதான் சரியாகப் படித்தாயே.

"ஒருத்தர் சொன்னா நம்பக் கூடாது. ரெண்டு பேர்கிட்ட கேக்கணும். நீதானே சொன்ன?"

ஆமாம். வீட்டில் தொலைபேசியை எடுத்தால் நான் சொல்வதே அதுதான். பகுதி நிருபர்களிடம், புதிதாய்ச் சேர்ந்தவர்களிடம், சாப்பாட்டுக்கு நடுவில். 'ஒருத்தர் சொன்னா போதாது. இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க.' முப்பது வருடம். அவளுக்கென்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுத்த எதுவும் இவ்வளவு நன்றாக ஏறியதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் லக்ஷ்மிநாராயணன் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. "பத்திரிகைக்காரி பொண்ணு வேற எப்படி இருப்பா?" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இருபத்துமூணு வருஷமா காதுல விழுந்தத ரெண்டு வாரத்துல எப்படி எடுப்ப?"

ஜூன் 16, திங்கள்

"'கேக்காதே'ன்னு சொல்லாதீங்க," என்றார் ஜாய்ஸ். "ஒண்ண எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ண வைக்கணும். பார், கை தூக்கு, காலை முன்ன வை. மூணும் ஒரே அசைவா வரட்டும். நடுவுல கேக்கறதுக்கு இடமே இருக்கக் கூடாது."

அட்டையும் போதாது. நிற்கிற வண்டியை நேர் எதிரே நின்று எடுத்த படங்கள் அவை. சாலையில் எந்த வண்டியும் அப்படி வருவதில்லை. ஓடிவருகிற வண்டியை வீடியோ எடுக்க வேண்டும். வேண்டாவின் கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைப்பேசியைப் பிடித்தேன்.

"இன்னாம்மா, பஸ்ஸையே புடிச்சிகினு கீற? கம்ப்ளெய்ண்டா?"

"இல்ல, என் பொண்ணு பாடம் படிக்க."

"பஸ்ஸுல போயி பாடம் படிப்பாங்க. உன் பொண்ணு பஸ்ஸையே படிக்குதா?" ஒரு பிடி கடலையை என் மடியில் போட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

வேகம் வந்தது, தப்பு பெருகிற்று. எந்த வண்டிக்கும் கையைத் தூக்குகிறாள். தண்ணீர் லாரிக்குக் கூட. ஜாய்ஸ் சொல்லியிருந்தார், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள் என்று. விட முடியவில்லை. என்னால் தப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கையே தூக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று பயிற்சி இல்லை. அவள் வேண்டாம் என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று எட்டு வீடியோவில் எட்டும் சரி. இன்று காலை நிறுத்தம். நான் ரமேஷின் ஆட்டோவில், இந்தத் தடவை எதிர்ப்பக்கம், கைப்பேசியில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தனியார் வண்டி வந்தது. அனு கையைத் தூக்கினாள், காலை வைத்தாள், ஏறிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. நான் ஆட்டோவுக்குள் ரமேஷின் தோளைப் பிடித்து உலுக்கினேன், சந்தோஷத்தில்.

வண்டி நேராகப் போகவில்லை. முனையில் மேற்கே திரும்பிற்று.

"மேடம், அது செங்கல்பட்டு வண்டி," என்றான் ரமேஷ்.

துரத்தினோம். நடுவில் ஒரு மணல் லாரி, ஒரு ஆட்டுமந்தை. அவளைக் கூப்பிட்டேன், தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி, மறுபடி. திருக்கழுக்குன்றத்தில் வண்டியைப் பிடித்தோம். ஏறிப் பார்த்தேன். இல்லை. ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தேன். இல்லை.

நடத்துநர்: "பச்ச சுடிதாரா? அப்பவே எறங்கிச்சே."

"எங்க? நடுரோட்டுல எறக்கி விட்டீங்களா? அவளுக்குத் தெரியாதுங்க! அவ மத்தவங்க மாதிரி இல்ல, அவளுக்கு..."

"அதுதாம்மா நிறுத்த சொல்லிச்சு. என்னாண்ட ஏன் கத்துற?"

எத்தனை விபத்து எழுதியிருக்கிறேன் இந்தச் சாலையில். எத்தனை 'அடையாளம் தெரியாத இளம்பெண்'. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வரிதான். வாய்விட்டு அழுதேன். ரமேஷ் பேசாமல் ஓட்டினான். பேசாத ரமேஷைப் பார்த்ததும் இன்னும் பயம்.

இருந்தாள். பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில், சாலையின் இந்தப் பக்கம், புளியமர நிழலில். போகும்போது எதிர்ப்பக்கம் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறோம். வலது கை பாதி தூக்கியபடி.

இழுத்து ஆட்டோவில் போட்டேன். அடித்தேன். முதுகில், ஒரு அடி. இருபத்துமூன்று வயதுப் பெண்ணை. "போர்டைப் பாத்தியா? பாத்துதான் ஏறினியா? என்னடி படிச்ச?"

"பாத்தேன். மாமல்லபுரம்."

"பொய் சொல்லாதே!"

"போன் பண்ணேன். நீ பேசிக்கிட்டே இருந்த."

வீட்டில் லக்ஷ்மிநாராயணன் எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போய் இல்லத்தின் விண்ணப்பத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

ஜூன் 21, சனி

வீடியோவைப் பார்த்தேன். நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடியும்.

பலகையில் மாமல்லபுரம் என்றுதான் இருக்கிறது.

முந்தைய நடையில் மாட்டிய பலகை. செங்கல்பட்டுக்குக் கிளம்பும்போது மாற்றவில்லை. அனு சரியாகப் படித்திருக்கிறாள். வண்டிதான் பொய் சொன்னது. நான் வண்டியை நம்பி மகளை அடித்திருக்கிறேன்.

அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எப்படி அனு தெரிந்தது, தப்பு வண்டி என்று?

"திரும்பிடுச்சு. அப்பா ஸ்கூட்டர் அங்க திரும்பாது. நேராப் போகும்."

அப்புறம்?

"நிறுத்துங்க அண்ணான்னு சொன்னேன். எறங்கிட்டேன். எதிர்ப்பக்கம் நின்னா திரும்பி வரும்."

மன்னிப்புக் கேட்டேன். "வலிச்சுது," என்றாள். தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள்.

லக்ஷ்மிநாராயணனிடம் வீடியோவைக் காட்டினேன். அவரால் பலகையைப் படிக்க முடியவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தும் முடியவில்லை. நான் படித்துச் சொன்னேன். "சரி. படிச்சா, புரிஞ்சுது, எறங்கினா," என்றார். "அடுத்த தடவ அதுக்குள்ள இருட்டிட்டா?"

ஜூன் 23, திங்கள்

ஜாய்ஸ் வீடியோவை முழுக்கப் பார்த்தார். முதலில் கேட்டது: "தப்புன்னு தெரிஞ்சதும் எவ்வளவு சீக்கிரம் சரி பண்ணா?" எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தோன்றவில்லை.

பிறகு சொன்னார்: "கேக்கறது தப்பு இல்ல மேடம். யார்கிட்ட கேக்கறான்றதுதான் முக்கியம். ரோட்டுல நிக்கிறவங்ககிட்ட வேண்டாம். ஏறி, படியில நின்னு, கண்டக்டர்கிட்ட. ஒரே ஆள், ஒரே தடவ."

நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஊகம் சொல்வார்கள். வண்டிக்காரருக்குத்தான் தெரியும். இதை எந்தப் புது நிருபருக்கும் முதல் நாளே சொல்லியிருப்பேன். என் வீட்டில் சொல்லவில்லை.

வீட்டில் ஒத்திகை. சமையலறை வாசல் படிக்கட்டு. லக்ஷ்மிநாராயணன் நடத்துநர். "மாமல்லபுரம் போகுமா?" "போகும், உள்ள போம்மா." "மாமல்லபுரம் போகுமா?" "போகாது, எறங்கு." எந்தப் பதில் வரும் என்று தெரியாமல், வேகமாக, மாற்றி மாற்றி. அவர் விசில் கூட அடித்தார்.

ஜூன் 26, வியாழன்

விடுதி வரை தனியாகப் போனாள். சாராள் தொலைபேசியில் உறுதி செய்தார்: வந்துவிட்டாள், ஒன்பதுக்கு முன்பே. பயிற்சிக்காகத்தான், இருந்தாலும்.

ஜூன் 28, சனி

இன்று போய்ச் சேரவில்லை. ஏறிக் கேட்டிருக்கிறாள். நடத்துநர், "போர்டு தெர்ல? படிக்க தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுந்திருக்கிறார். வீட்டு ஒத்திகையில் இரண்டு பதில்தான் இருந்தது. இது மூன்றாவது. இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் கை தூக்காமல் பத்தரை வரை நின்றிருக்கிறாள். வேண்டா கூட்டிவந்து விட்டார். "பொண்ணு சிலை மாதிரி நின்னுச்சும்மா. எனக்குப் பேஜாரா பூட்ச்சு."

ஒரு நாள் சரி, ஒரு நாள் தப்பு. திங்கட்கிழமை இல்லத்துக்குப் பதில். இதை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது? யாராவது சொல்லுங்களேன்.

ஜூன் 29, ஞாயிறு

திட்டும் நடத்துநரையும் ஒத்திகையில் சேர்த்தோம். லக்ஷ்மிநாராயணனுக்குத் திட்ட வரவில்லை. ரமேஷைக் கூப்பிட்டோம். அவனுக்கு நன்றாக வருகிறது. "இன்னா மொறைக்கிற? வூட்ல சொல்லிட்டு வந்தியா? ஏறுன்னா ஏறு, எறங்குன்னா எறங்கு!" முதலில் அழுதாள். மாலைக்குள், "மாமல்லபுரம் போகுமா, அத மட்டும் சொல்லுங்கண்ணா," என்று அவனையே மடக்கிவிட்டாள்.

வீட்டுக்குள். படிக்கட்டில். ரமேஷிடம்.

ஜூன் 30, திங்கள்

மாலை ஆகிவிட்டது. இல்லத்தின் அலுவலகம் மூடுவதற்குள் பேச வேண்டும். லக்ஷ்மிநாராயணன் கைப்பேசியை எடுத்தார். விண்ணப்பத்தில் அச்சடித்த எண் அவருக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்தில் இருந்த அனுவிடம் நீட்டினார்.

பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவருக்கு அழுத்தும் வேகம் போதவில்லை. "அப்பா, நீ லேட்டு," என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகு, "யாரு நம்பர்?"

"வேலூர்ல. நீ தங்கறதுக்கு ஒரு இடம். நெறைய பேர் இருப்பாங்க."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கே."

யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். இந்த ஒரு மாதத்தில் அவளிடம் நாங்கள் இதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அவர் கைப்பேசியைக் காதில் வைத்தார். "இல்லைங்க," என்றார். "எங்க பொண்ணு நாளையிலேர்ந்து வேலைக்குப் போறா. அந்த இடத்த வேற யாருக்காவது குடுங்க."

வைத்த பிறகு என்னைத் தேடித் திரும்பினார். "தப்பு பண்ணிட்டேனா பிரபா?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் அனு கிளம்பினாள். நான் வாசலைத் தாண்டவில்லை. "பின்னாடியே போயி பாத்துட்டு வரட்டா மேடம்?" என்று ரமேஷ் வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

எட்டு மணி. எட்டேகால். அழைப்பு இல்லை. ஆட்சியர் அலுவலகக் கூட்டச் செய்தியைத் தட்டச்சு செய்யப் பார்த்தேன். ஒரே பத்தியை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். எட்டரை. அவர் கைப்பேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட எடுத்தேன். அவளும் நானும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அன்றைக்கு மாதிரி ஆகிவிடும். கீழே வைத்தேன்.

ஒன்பதுக்குச் சற்று முன் அடித்தது.

"அம்மா, வந்துட்டேன்."

"எங்க இருக்க? வண்டியில யாராவது..."

"உள்ள. ஏப்ரன் போட்டாச்சு. வைக்கிறேன், வேலை இருக்கு."

வைத்துவிட்டாள்.

"சாராளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்," என்றார் அவர். சாராளின் எண் திரையில் தயாராக இருந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்துட்டாளாம்," என்றேன்.

"யார் சொன்னா?"

"அனு."

நிலுவையில் இருப்பவை: சாராளின் முடிவு, பதினைந்தாம் தேதி. அதற்கு முன்னால், திரும்பி வரும் வண்டி. ஐந்து மணிக்கு வேலை முடியும். ஆறுக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது ஐந்தே முக்கால். அவர் வாசலில் நிற்கிறார்.